தொலைந்த பெரியவரைத் தேடும் நாய்: குவாசுலு-நட்டாலில் தன்னார்வ மீட்பு நாயைப் பழக்கிப் பராமரிக்க முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ டொங்காட்டிலோ ஒரு தாத்தா மாலை நேரத்தில் கேட்டைத் திறந்துகொண்டு நடந்துவிட்டால், முதலில் வாட்ஸ்அப்பில் அவர் படம் சுற்றும். அரை மணி நேரத்தில் தெரு முழுவதும் கார்கள். இருபது பேர் டார்ச் அடித்துக்கொண்டு அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். மறதி நோய் உள்ள ஒருவர் அந்தக் கூப்பாட்டுக்குப் பெரும்பாலும் பதில் சொல்வதில்லை. தான் தொலைந்துவிட்டோம் என்பதே அவருக்குத் தெரியாது. வழி அடைபடும் வரை நேராக நடப்பார். அடைபட்ட இடத்தில், புதரிலோ வாய்க்கால் ஓரத்திலோ உட்கார்ந்துவிடுவார். கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து அது பல நேரங்களில் வெகுதூரம்கூட இருக்காது. பத்தடி தள்ளி டார்ச்சுடன் நடந்து போனவருக்கு அவர் தெரிந்திருக்க மாட்டார். காற்றின் கீழ்ப்பக்கம் வந்த நாய்க்குத் தெரிந்திருக்கும்.

அந்த நாயை உருவாக்க நினைக்கும் தன்னார்வலருக்காக இதை எழுதுகிறேன். இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் பனிமலைக்கும் பைன் காட்டுக்கும் எழுதப்பட்டவை. நமக்கு இருப்பது கரும்புத் தோட்டம், கரையோரப் புதர்க்காடு, பிப்ரவரி மாதத்துப் புழுக்கம், உண்ணி. இன்னொன்றும் உண்டு. எல்லாரும் நாயைப் பற்றியும் அதைக் கையாளுபவரைப் பற்றியுமே பேசுகிறார்கள். பயிற்சியில் ஒளிந்துகொள்ளும் மூன்றாவது ஆளைப் பற்றிப் பேசுவதில்லை. என்னைக் கேட்டால், நாய்க்கு உண்மையான வாத்தியார் அவர்தான்.

இறங்குவதற்கு முன்

ஒரு நாய் தேடலுக்குத் தயாராக ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும். வாரத்தில் இரண்டு பயிற்சிகள், அதில் ஒன்றாவது வீட்டை விட்டு வெளியே, மழையிலும் நடக்க வேண்டும். பெட்ரோல், மருத்துவர் கட்டணம், உண்ணி மருந்து எல்லாம் உங்கள் பையிலிருந்துதான். இதற்கு வீட்டில் சம்மதம் இல்லையென்றால் நாயை வாங்காதீர்கள்.

காணாமல் போனவரைத் தேடும் பொறுப்பு இந்நாட்டில் காவல் துறையுடையது. புகார் கொடுக்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று நம் ஆட்கள் இன்னும் நம்புகிறார்கள். அப்படி ஒரு விதியே கிடையாது, உடனே கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். காவல் துறையிடம் சொந்தமாக மோப்ப நாய்ப் பிரிவு இருக்கிறது. தன்னார்வ நாய் அதற்குத் துணையாக, அழைத்தால் மட்டுமே போகும். அழைக்காமல் போய் நிற்கும் நாய்க்காரர் தடயத்தை மிதிப்பார், அடுத்த முறை கூப்பிடவும் மாட்டார்கள். டிராகன்ஸ்பர்க் மலைத் தேடல்களில் தென்னாப்பிரிக்க மலையேற்றக் கழகத்தின் குவாசுலு-நட்டால் மீட்புக் குழுவினர் இருப்பார்கள், டர்பனில் இருக்கும் விமானப்படையின் 15ஆம் ஸ்குவாட்ரன் ஹெலிகாப்டரும் வரலாம். ஆகவே தனியாகத் தொடங்காதீர்கள். ஏற்கெனவே இயங்கும் ஒரு குழுவில் சேர்ந்து, நாய் இல்லாமலே சில மாதம் அவர்கள் பயிற்சியில் ஒளிந்துகொள்ளப் போங்கள். அந்தச் சில மாதங்களில் கற்றுக்கொள்வதை எந்தப் புத்தகமும் தராது.

எந்த நாய்

லாப்ரடார், பார்டர் காலி, ஜெர்மன் ஷெப்பர்ட், மாலினுவா, ஸ்பானியல் என்று பட்டியல் நீளும். இனத்தை விட மூன்று குணங்கள் முக்கியம்: விளையாட்டு வெறி, விடாமுயற்சி, அந்நியரிடம் அன்பு. மூன்றாவதில்தான் நம் வீட்டு நாய்கள் தோற்கும். நாம் நாய் வளர்ப்பதே திருடனுக்காக. கேட்டருகே வருபவரைக் கண்டால் குரைக்கச் சொல்லியே வளர்க்கிறோம். தேடும் நாயோ இருட்டில், புதருக்குள், முன்பின் பார்த்திராத ஒருவரைக் கண்டதும் மகிழ வேண்டும். ஒரே நாயிடம் இரண்டு வேலையும் எதிர்பார்க்க முடியாது. போர்புல் போன்ற காவல் இனங்களைத் தவிர்ப்பதும் இதனால்தான். மூக்குச் சப்பையான இனங்கள் டர்பன் வெப்பத்தில் மூச்சு விடவே திணறும், தேடவா செய்யும்?

குட்டியைச் சோதிக்க ஒரு எளிய வழி: அதற்குப் பிடித்த பந்தை அதன் கண் முன்னால் உயரமான புல்லுக்குள் எறியுங்கள். மூக்கைத் தரையில் வைத்து, ஒரு நிமிடத்துக்கு மேல் சலிக்காமல் தேடுகிறதா? இல்லை, பத்து நொடியில் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா? முதல் வகைதான் வேண்டும். எட்டு வாரக் குட்டியாகவே வாங்க வேண்டும் என்றில்லை, விலங்குக் காப்பகத்திலிருந்து வரும் ஒரு வயது நாயும் இந்தச் சோதனையில் தேறினால் போதும். பெரிய இன நாய் என்றால் இடுப்பு, முழங்கை மூட்டுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள். இரண்டு ஆண்டு உழைத்தபின் நொண்டும் நாயைப் பார்ப்பது கொடுமை.

முதல் மாதங்கள்

இந்தப் பருவத்தில் தேடலே வேண்டாம். உலகத்தைக் காட்டுங்கள். ஹாரன் அடித்துக்கொண்டே ஓடும் மினிபஸ் டாக்சிகள், சந்தை, படிக்கட்டு, இரும்புக் கம்பிப் பாலம், சக்கர நாற்காலி, கைத்தடி, மழைக்கோட்டு. காவடித் திருவிழாவின்போது கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி நின்று மேளச் சத்தத்தைக் கேட்கவிடுங்கள். நாய் நிம்மதியாகத் தீனி தின்னும் தொலைவுதான் சரியான தொலைவு, அதற்கு மேல் நெருங்க வேண்டாம். தீபாவளி இரவில் குட்டியை வெளியே கட்டிப் பழக்குகிறேன் என்று கிளம்பாதீர்கள். ஒரே இரவில் வெடிச் சத்தத்துக்கு வாழ்நாள் பயத்தை வாங்கிக் கொடுத்துவிடலாம். உள்ளறையில், திரை மூடி, வானொலியைச் சற்று உரக்க வைத்து, கூடவே இருங்கள்.

அடுத்து, குரங்கு. வெர்வெட் குரங்கைத் துரத்தாத நாய் டர்பனில் அபூர்வம். குரங்கு, கோழி, ஆடு, தெருநாய் எது ஓடினாலும் கூப்பிட்டவுடன் திரும்பி வர வேண்டும். நீண்ட கயிற்றில் கட்டி, தொலைவிலிருந்து தொடங்கி, திரும்பிப் பார்த்த கணமே பரிசு கொடுத்து இதைப் பழக்க வேண்டும். வருவது, உட்காருவது, அசையாமல் இருப்பது, விடுவது என்ற நான்கு கட்டளைகளும் உறுதியானாலே போதும். கட்டளை எந்த மொழியிலும் இருக்கலாம், வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இதில் ஒன்று உயிர்ப் பிரச்சினை: தரையில் கிடப்பதைத் தின்னாதிருத்தல். நம்மூரில் திருட வருபவர்கள் 'டூ ஸ்டெப்' என்ற கருநிறக் குருணை விஷத்தை இறைச்சியில் தடவி வீசுவது எல்லாருக்கும் தெரியும். ஆல்டிகார்ப் என்ற பூச்சிக்கொல்லி அது, சில நிமிடங்களில் எச்சிலும் வலிப்பும் வந்துவிடும். தேடும் நாய் ஊர் ஊராகப் போகிற நாய். உங்கள் கையிலிருந்தோ, ஒளிந்தவர் கையிலிருந்தோ அல்லாமல் எதையும் வாயில் எடுக்கக் கூடாது.

காற்றைப் படித்தல்

நாய்களில் இரண்டு வகை வேலை உண்டு. ஒருவருடைய தலையணை உறையையோ சட்டையையோ முகர்ந்து அவர் நடந்த வழியைத் தொடர்வது ஒன்று. அந்தப் பகுதியில் காற்றில் மிதந்து வரும் எந்த மனித மணத்தையும் தேடிப் போவது மற்றொன்று. கூட்டம் மிதித்த இடத்தில் முதல் வகை கடினம், பெருவெளியில் இரண்டாம் வகையே விரைவு. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், இங்கே விளக்குவதும் அதையே.

நம் உடலிலிருந்து நிமிடத்துக்குப் பல்லாயிரம் தோல் செதில்கள் உதிர்கின்றன. அவற்றைக் காற்று தூக்கிக்கொண்டு போய், ஆளிடம் குறுகியும் தள்ளிப்போகப் போக விரிந்தும் கூம்பு வடிவில் பரப்புகிறது. நாயின் வேலை அந்தக் கூம்பின் ஓரத்தைத் தொட்டு, குறுக்கும் நெடுக்குமாக ஓடி, முனையை அடைவது. உங்கள் வேலை அந்தக் கூம்பு எங்கே இருக்கும் என்று ஊகித்து, காற்றுக்குக் குறுக்காக நாயை நடத்துவது.

நம் கரையில் பகலில் கடற்காற்று உள்ளே வீசும், இரவில் நிலக்காற்று கடலை நோக்கித் திரும்பும். பள்ளத்தாக்குகளில் வெயில் ஏற ஏறக் காற்று சரிவில் மேலேறும், பொழுது சாய்ந்தபின் குளிர்ந்து கீழே வழியும். அதனால் குளூஃப் பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் காலையில் மேட்டு வரப்பிலும், இரவில் ஓடையோரத்திலும் நாயை நடத்துவது புத்திசாலித்தனம். குளிர்காலத்தில் குளிர்முகப்பு வருமுன் உள்நாட்டிலிருந்து இறங்கும் பெர்க் காற்று வெப்பமும் வறட்சியும் கொண்டது. நாயின் மூக்கு காய்ந்துபோகும், மணமும் சிதறிவிடும். அன்று நண்பகல் தேடலில் எதுவும் கிடைக்கவில்லை என்றால் அந்த இடம் 'தேடியாயிற்று' என்று எழுதாதீர்கள். மாலையில் மறுபடி போக வேண்டும்.

காற்றின் திசையைப் பார்க்க முகப்பவுடர் நிரப்பிய பிதுக்குப் புட்டியைச் சட்டைப்பையில் வையுங்கள். ஒரு நண்பர் திருநீற்றை நிரப்பி வைத்திருந்தார். நன்றாகவே பறந்தது, அவர் அம்மா பார்க்கும் வரை. இடுப்புயரத்தில் ஒருமுறை, முழங்கால் உயரத்தில் ஒருமுறை பிதுக்குங்கள். இரண்டும் வெவ்வேறு பக்கம் போவதைப் பார்ப்பீர்கள். நாயின் மூக்கு இருப்பது முழங்கால் உயரத்தில்.

ஒளிபவர்

இதுதான் பயிற்சியின் நெஞ்சு. பொறுமையாகப் படியுங்கள்.

நாய் ஏன் தேடுகிறது? தேடலின் முடிவில், ஒளிந்திருப்பவரிடம் உலகத்திலேயே சிறந்த விளையாட்டு கிடைக்கும் என்பதால். பந்தும் தீனியும் உங்கள் பையில் இருந்தால் நாய் உங்களைச் சுற்றும். ஒளிந்தவரிடம் இருந்தால் ஒளிந்தவரைத் தேடும். ஆகவே பரிசு எப்போதும் அவர் கையில்தான்.

முதல் படி ஓட்டம். நாயைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒளிபவர் பந்தைக் காட்டி ஆசை காட்டிவிட்டு, காற்று எதிரே வரும் திசையில் இருபதடி ஓடி, மரத்தின் பின்னால் மறைவார். உடனே விடுங்கள். நாய் சேர்ந்ததும் அவர் கொண்டாட வேண்டும்: பந்து, இழுபறி, செல்லம், கத்தல். அரை நிமிடமாவது நீடிக்க வேண்டும். நீங்கள் தள்ளி நின்று வாயை மூடிக்கொண்டிருங்கள். இரண்டு மூன்று முறையோடு நிறுத்துங்கள், நாய் இன்னும் கேட்கும்போதே.

இரண்டாம் படியில் ஒளிபவர் ஓடுவதை நாய் பார்க்கும், மறையும் கடைசி இடத்தைப் பார்க்காது. மூன்றாவதில் ஓடுவதையும் பார்க்காது. அந்த இடத்தில்தான் 'தேடு' என்ற சொல் சேரும், கண் விலகி மூக்கு வேலைக்கு வரும். நான்காவதில் ஆள் எங்கே என்று உங்களுக்கே தெரியாது. இதை ஒத்திப்போடாதீர்கள். இடம் தெரிந்த கையாளுநர் தன்னையறியாமல் அந்தப் பக்கம் பார்ப்பார், நடை மெதுவாகும். நாய்கள் இதைப் படித்துவிடும், அப்புறம் காற்றைப் படிப்பதை விட்டுவிட்டு உங்கள் தோள்பட்டையைப் படிக்கத் தொடங்கும்.

இனி ஆட்கள். பெரும்பாலான குழுக்களில் ஒளிபவர்கள் யார்? இருபது முப்பது வயது, பூட்ஸ் போட்ட, நாய்ப்பிரியமுள்ள குழு உறுப்பினர்கள். அந்த நாய் அப்படிப்பட்டவர்களையே தேடக் கற்கும். நாம் தேடப்போவதோ எழுபது வயதைக் கடந்த, படுத்துக்கிடக்கும், அசையாத, ஒருவேளை நாயைக் கண்டு முனகும் ஒருவரை. அவர் புடவை கட்டியிருக்கலாம். தைலமும் கற்பூரமும் சிறுநீரும் மணக்கலாம். அப்படிப்பட்டவரைப் பயிற்சியில் பார்த்திராத நாய், நிஜத்தில் பார்த்ததும் இரண்டடி தள்ளி நின்று தயங்கும். அந்தத் தயக்கம் இருட்டில் உங்களுக்குத் தெரியாது.

என் பெரியம்மாவுக்கு நாய் என்றாலே ஆகாது. டொங்காட் பக்கம் உறவினர் கரும்புக் காட்டு ஓரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாமல் போனதால் அவரைக் கெஞ்சிக் கூட்டிப்போனோம். பிளாஸ்டிக் நாற்காலியைத் தீத்தடுப்புப் பாதையின் வளைவில் போட்டு, மடியில் பந்தோடு உட்காரவைத்தோம். நாய் வந்தது. அவர் பயத்தில் சிலையாகிவிட்டார், நாய்க்கு முகம் கொடுக்கவே இல்லை. ஓர் இளைஞர் அவ்வளவு நேரம் அசையாமல் இருந்திருக்க மாட்டார். நாய் சுற்றியது, முகர்ந்தது, குழம்பியது, கடைசியில் குரைத்தது. அந்தக் குரைப்பு வந்ததும் பெரியம்மா பந்தைக் கீழே போட்டு, "வந்துவிட்டாயா என் ராசா" என்றார். இப்போது எங்கள் குழுவில் அவருக்குத்தான் கிராக்கி. நாய்ப்பயம் அப்படியேதான் இருக்கிறது, பந்தை எப்போது போட வேண்டும் என்பது மட்டும் துல்லியமாகத் தெரிந்துவிட்டது.

ஒளிபவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவை இவை. நாய் கண்ணில் பட்டதும் கூப்பிடக் கூடாது. அதன் கண்ணை உற்றுப் பார்க்கக் கூடாது. நாய் குரைத்தோ சைகை காட்டியோ 'கண்டுவிட்டேன்' என்று சரியாக அறிவித்த அதே நொடியில் பரிசு வர வேண்டும், மூன்று நொடி தாமதமானால் நாய் வேறு எதற்கோ பரிசு கிடைத்ததாக நினைக்கும். அறிவிக்காமல் பந்தைப் பிடுங்க வந்தால் பந்தை மூடிக்கொண்டு கல்லாக இருக்க வேண்டும். ஒளியும் இடத்துக்கு நாய் வரும் வழியில் நடந்து போகக் கூடாது, சுற்றிப் போக வேண்டும். இல்லாவிட்டால் நாய் காற்றை விட்டுவிட்டு அவர் காலடியைத் தொடரும். தண்ணீர், விசில், கைப்பேசி, பூச்சி மருந்து கட்டாயம். கால் மணி நேரத்துக்கு முன்பே போய் அமர வேண்டும், மணம் பரவ அவ்வளவு நேரமாவது தேவை. பெரியவர்களை ஒளியவைக்கும்போது துணைக்கு இன்னொருவர் காற்றுக்கு எதிர்ப்பக்கம் கண்பார்வையில் இருக்கட்டும். நிழல் இருக்கட்டும்.

கண்டுவிட்டேன் என்று எப்படிச் சொல்லும்?

ஒளிந்தவரிடமே நின்று குரைப்பது ஒரு முறை. உங்களிடம் ஓடி வந்து சைகை காட்டி, திரும்பக் கூட்டிப்போவது இன்னொரு முறை. பல குழுக்கள் முதல் முறையை விரும்புகின்றன, இடிபாட்டுத் தேடலுக்கு அதுவே தேவை. ஆனால் மறதி நோயாளியின் தலைமாட்டில் பெரிய நாய் நின்று இடைவிடாமல் குரைத்தால் அவர் எழுந்து ஓடப்பார்ப்பார், விழுவார். புதர்க்காட்டில் பெரியவர்களைத் தேடுவதே உங்கள் நோக்கம் என்றால் திரும்பி வந்து கூட்டிப்போகும் முறைதான் நல்லது என்பது என் கட்சி. குழுத் தலைவர் வேறு சொன்னால் அவரைக் கேளுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்தபின் மாற்றாதீர்கள்.

கடினமாக்குதல்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். தொலைவைக் கூட்டினால் நேரம் குறையட்டும், இரவுக்கு மாறினால் இடம் சிறியதாகட்டும். தோல்வியில் பயிற்சியை முடிக்காதீர்கள். கிடைக்கவில்லை என்றால் எளிய ஒன்றை வைத்து, கிடைத்த மகிழ்ச்சியோடு வண்டியில் ஏற்றுங்கள்.

ஆளே இல்லாத பகுதியிலும் தேடச் செய்ய வேண்டும். நாய் பொய் சொல்லாதிருக்க இது ஒன்றே மருந்து. அரை மணி நேரம் வெறுங்காட்டில் ஓடியபின் 'இல்லை' என்று உங்களிடம் வரும் நாயைப் பாராட்டுங்கள், அடுத்த பகுதியில் ஆளை வைத்துக் கொடுத்துவிடுங்கள்.

கரும்புத் தோட்டம் தனிப் பாடம். உயர்ந்த கரும்புக்குள் காற்று நுழையாது, மணம் வரிசைகளுக்கிடையே தேங்கி, எதிர்பாராத முனையில் கசியும். எனவே உள்ளே புகாமல், காற்றின் கீழ்ப்பக்கத் தீத்தடுப்புப் பாதையில் நடத்துங்கள். நாய் தலையை வெட்டித் திருப்பும் இடத்தில் நின்று, அங்கிருந்து வரிசை வழியே அனுப்புங்கள். தோகையின் விளிம்பு கண்ணையும் காது மடலையும் கிழிக்கும், கண்ணைக் கழுவ உப்புக்கரைசல் வைத்திருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தோட்டக்காரரிடம் சொல்லாமல் இறங்காதீர்கள். அறுவடைக் காலத்தில் வெட்டுமுன் கரும்புக்குத் தீ வைப்பார்கள்.

இடிபாடும் வெள்ளமும்

டொங்காட்டில் 2013 நவம்பரில் கட்டுமானத்தில் இருந்த வணிக வளாகம் சரிந்தது. ஜார்ஜ் நகரில் 2024 மே மாதம் ஐந்து மாடிக் கட்டடம் சரிந்தபோது, ஐந்து நாள் கழித்தும் ஒருவரை உயிரோடு எடுத்தார்கள். இத்தகைய இடங்களில் நாய் வேலை செய்வதைப் பார்த்தவருக்கு ஆசை வருவது இயல்புதான். ஆனால் இடிபாட்டு நாய்க்கு வேறு தேர்வு, வேறு தைரியம். ஆடும் பலகை, இருண்ட குழாய், கீறும் இரும்பு ஆகியவற்றின் மேல் தானாக, கழுத்துப்பட்டை இல்லாமல் நடக்க வேண்டும். புதர்த்தேடலில் தேறியபின் யோசியுங்கள்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலரை நாள்கணக்கில் சேற்றில் தேட வேண்டியிருந்தது. உயிரற்றோரைத் தேடும் நாயும் தனிப் பயிற்சி பெற்ற நாய். சேறு மணத்தை அடைத்துவிடுவதால், கம்பியால் ஆங்காங்கே குத்தித் துளையிட்டுச் சற்றுப் பொறுத்து நாயை விடுவார்கள். இதற்கான பயிற்சிப் பொருட்களுக்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு, குழு வழியாக அல்லாமல் முயல வேண்டாம். உயிருள்ளோரையும் இறந்தோரையும் ஒரே சைகையால் காட்டும் நாய் பெரிய கட்டட விபத்தில் மீட்புக் குழுவைக் குழப்பும்.

உடல்

உண்ணியிலிருந்து தொடங்குகிறேன். இங்கே 'பிலியரி' என்று எல்லாரும் சொல்லும் பேபீசியா நோயில், தென்னாப்பிரிக்காவில் பரவும் வகை மிகக் கொடியது. சோர்வு, தீனி மறுப்பு, காய்ச்சல், வெளுத்த ஈறு, தேநீர் நிறச் சிறுநீர் ஆகியவற்றில் இரண்டைக் கண்டாலே அன்றே மருத்துவரிடம். நாளை காலை பார்க்கலாம் என்பது இந்த நோயில் செல்லாது. நாய் நலமாக இருக்கும்போதே ஈறின் இளஞ்சிவப்பைப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். மருத்துவர் தரும் மாத்திரையோ மருந்தோ தவறாமல் போட்டாலும், ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் காது மடிப்பு, அக்குள், விரலிடுக்கு, வாலடி ஆகியவற்றை விரலால் தடவிப் பாருங்கள்.

இன்னொன்று நம் மாகாணத்தில் அடிக்கடி வருவது: சாணவண்டு வழியாகப் பரவும் ஸ்பைரோசெர்கா புழு. உணவுக்குழாயில் கட்டியாக வளர்ந்து புற்றாகவும் மாறலாம். மாதாந்தரப் புழுமருந்து இதற்கும் சேர்த்துத்தானா என்று மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். எல்லா மருந்தும் இதைத் தடுக்காது. ரேபிஸ் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம். மூன்று மாத வயதில் முதல் ஊசி, ஓராண்டுக்குள் இரண்டாவது, பிறகு குறைந்தது மூன்றாண்டுக்கு ஒருமுறை. வேலை செய்யும் நாய்க்கு இதைவிட அடிக்கடி போடலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். வெள்ள நீரில் சாக்கடையும் எலியின் சிறுநீரும் கலந்திருக்கும் என்பதால் எலிக்காய்ச்சல் ஊசியும் வேண்டும். வெள்ளப் பகுதியிலிருந்து வந்ததும் வீட்டுக்குள் நுழையுமுன் நாயையும் உங்களையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வெப்பம் பாம்பைவிட அதிகம் கொல்லும். நாயின் இயல்பான உடல் சூடு 38 முதல் 39 டிகிரி. 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நாக்கு அகன்று கரண்டிபோலத் தொங்குவது, நிழலைத் தேடித் திரும்புவது, சொன்னது காதில் விழாதது ஆகியவை முதல் அறிகுறிகள். நல்ல நாய் தானாக நிறுத்தாது, நீங்கள்தான் நிறுத்த வேண்டும். தள்ளாடினால் உடனே உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, விசிறி, சூடு இறங்கத் தொடங்கியபின் வண்டியில் ஏற்றுங்கள். கோடையில் காலை ஒன்பதுக்குள்ளும் மாலை ஐந்துக்கு மேலுமே பயிற்சி.

பாம்பில் பஃப் ஆடர் அசையாமல் கிடக்கும், நாய் மிதிக்கும். கடித்த இடம் வீங்கும். வெட்டுவது, கட்டுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம், நாயைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். எந்த மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருக்கிறது என்று பயிற்சிக்குப் போகுமுன்பே தொலைபேசியில் கேட்டுவைப்பது நல்லது. மொசாம்பிக் துப்பும் நாகம் கண்ணில் துப்பினால் கால் மணி நேரம் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் இல்லையென்றால் பால்கூடப் போதும். நெருஞ்சி முள் இங்கேயும் அதே நெருஞ்சிதான், பாதத்தில் ஏறிவிட்டால் நாய் நொண்டாமல் வேகத்தை மட்டும் குறைக்கும்.

தீனி விஷயத்தில் நம் சமையலறைதான் எதிரி. வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுவை உடைக்கும். வெங்காயம் இல்லாத கறி நம் வீட்டில் ஏது? மீந்த பிரியாணி, ரொட்டிக்குள் கறி நிரப்பிய பன்னி சௌ, பிரை என்னும் கரியடுப்பில் சுட்ட எலும்பு எதுவும் கூடாது. தோட்டத்தில் பனை போல நிற்கும் சைக்கட் செடியின் விதையும் ஈரலைக் கெடுக்கும். புரட்டாசி மாதத்தில் வீட்டில் அசைவம் ஏறாது, நாயின் இறைச்சிப் பரிசை எங்கே வைப்பது என்ற சண்டை வரும். அந்த மாதம் முழுவதும் பந்தையும் இழுபறிக் கயிற்றையும் பரிசாக்குங்கள். உலர்தீனி கராஜில் இருக்கட்டும். வீட்டுப் பெரியவர்களும் நிம்மதி, நாய்க்கும் விளையாட்டின் மேல் பசி கூடும்.

அழைப்பு வரும் நாள்

பை எப்போதும் கட்டியே இருக்க வேண்டும்: நாய்க்கு நான்கு லிட்டர் தண்ணீர், மார்புப்பட்டை, மணி, இருட்டில் ஒளிரும் விளக்கு, ஜிபிஎஸ், ரேடியோ, முதலுதவி, கூடுதல் பேட்டரி, பந்து. பந்தை மறக்கும் கையாளுநர்கள் இருக்கிறார்கள். மலை என்றால் வெப்ப உடையும் சேரும். 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாயில் பனி பெய்து வண்டிகள் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

குடும்பத்தாரிடம் பேசும்போது கேட்க வேண்டியவை: வலக்கையா இடக்கையா, இளவயதில் எங்கே வேலை செய்தார், எந்தக் கோயிலுக்குப் போவார், எந்த மொழியில் கூப்பிட்டால் திரும்புவார், நாய்க்குப் பயமா? மறதி நோயாளிகள் பல நேரங்களில் பழைய வீட்டையோ பழைய வேலையிடத்தையோ நோக்கியே நடப்பார்கள். அவர் தலையணை உறையைக் கையுறை போட்ட கையால், துவைத்தவற்றோடு கலக்காமல், புதுப் பையில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வழித்தடம் தொடரும் நாய் பின்னால் வந்தால் உதவும். அழும் உறவினரை நாயோடு நடக்க விடாதீர்கள்.

இருபது நிமிட வேலைக்குப் பின் ஐந்து நிமிட ஓய்வு, தண்ணீர். எந்தப் பகுதியைத் தேடினீர்கள், காற்று எப்படி இருந்தது, நாய் எங்கே தலையைத் திருப்பியது என்பதை வரைபடத்தில் குறித்துத் தலைமையிடம் கொடுங்கள். இறந்தவரைக் கண்டால் நாயைக் கூப்பிட்டுக்கொண்டு, வந்த வழியே திரும்பி, எதையும் தொடாமல் காவல் துறைக்குச் சொல்லுங்கள். அன்றிரவு நாய் தூங்கிவிடும், நீங்கள் தூங்க மாட்டீர்கள். குழுவில் ஒருவரோடு பேசிவிட்டுப் படுங்கள்.

ஓய்வு

எட்டு முதல் பத்து வயதுக்குள் பெரும்பாலான நாய்கள் நிறுத்த வேண்டியிருக்கும். காலையில் எழும்போது பின்கால் விறைப்பது, வண்டியில் தாவுமுன் யோசிப்பது ஆகியவை கணக்கில் வர வேண்டும். ஆண்டுதோறும் குழுவின் தேர்வை எழுதுங்கள். தேறாத ஆண்டில் வாதாடாதீர்கள். முதல் நாய் ஆறு வயதைத் தொடும்போதே இரண்டாவதைத் தொடங்கினால் இடைவெளி விழாது. ஓய்வுபெற்ற நாயைச் சின்னதுக்குக் காட்டிக்கொடுக்கும் வாத்தியாராக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் நம்பவில்லை, சின்னது பெரியதன் வாலைத் தேடுமே தவிர ஆளைத் தேடாது. தனித்தனியாகக் கூட்டிப்போங்கள். கிழத்துக்கு வாரத்தில் ஒருநாள் பின்கட்டில் பேரப்பிள்ளை ஒளிந்தால் போதும், மூட்டுக்கு மருத்துவர் அனுமதிக்கும் அளவுக்கு.